பேருந்தில் எழுதிய பெயரும் கையில் கட்டிய கயிறும்: ஊடகத் தெளிவு என்றால் என்ன?

1997 வரை நம்ம ஊர்ப் பேருந்துகளில் கட்டபொம்மன் பெயர் எழுதியிருக்கும். மாவட்டத்துக்கும் அதுவே பெயர்: நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். பக்கத்தில் வ.உ.சிதம்பரனார் மாவட்டம். அந்த ஆண்டு விருதுநகர்ப் பகுதிக்கென்று தொடங்க இருந்த புதிய போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைப்பதாக அரசு அறிவித்தது. அவருடைய சாதியை மனதில் வைத்து, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஒரு தரப்பு கிளம்ப, தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரை அரசு எடுத்துவிட்டது. நம் மாவட்டம் திருநெல்வேலி ஆனது, பக்கத்து மாவட்டம் தூத்துக்குடி ஆனது. கட்டபொம்மனும் சுந்தரலிங்கமும் ஒரே போரில் ஒரே பக்கம் நின்றவர்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊடகத்தைப் பற்றிச் சொல்லித்தரும்போது இந்தக் கதைக்கு நான் கட்டாயம் வருவேன். ஊடகம் எது என்று கேட்டால் டிவி, யூடியூப், இன்ஸ்டாகிராம் என்பார்கள். பேருந்தின் பெயர்ப்பலகையும் ஊடகம்தான். கொடிக்கம்பம், சுவரெழுத்து, கல்யாண ஃபிளெக்ஸ், கோயில் கொடையில் கட்டும் குழாய் ரேடியோ எல்லாம் ஊடகம்தான். ஒருவர் இன்னொருவருக்கு ஒரு சேதியைச் சேர்க்கப் பயன்படுகிற எதுவும் ஊடகமே. இரும்புத் தகட்டில் எழுதிய ஒரு பெயருக்காகத் தீ வைக்கிற அளவுக்கு ஆட்கள் போனார்கள் என்றால், அந்தப் பெயரை அவர்கள் எப்படி வாசித்தார்கள், அப்படி வாசிக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதற்குப் பெயர்தான் ஊடக எழுத்தறிவு. எனக்கு ‘ஊடகத் தெளிவு’ என்ற சொல் பிடித்திருக்கிறது, அதையே வைத்துக்கொள்கிறேன்.

பேருந்துப் பெயர் போன பிறகு கயிறு வந்தது. நம் பள்ளிகளில் பையன்கள் மணிக்கட்டில் கட்டிவரும் வண்ணக்கயிறு சாதியைச் சொல்லும் அடையாளம் என்பது இந்தப் பக்கத்து ஆசிரியர்களுக்குப் பல வருஷமாகத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு பள்ளிகளில் சாதி வேற்றுமையைப் போக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் அரசு ஒரு குழுவை வைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில், வண்ணக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற அடையாளங்களைப் பள்ளிக்குள் தடுக்க வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. கயிற்றை அறுத்துவிடலாம். கயிறு சொன்ன சேதி இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கிறது, ரீல்ஸில் இருக்கிறது. அதை எந்தத் தலைமையாசிரியரும் வாசலில் நின்று சோதிக்க முடியாது. அதனால்தான் பிள்ளைகளே அதை வாசிக்கக் கற்க வேண்டியிருக்கிறது.

இது நேற்று முளைத்த யோசனையல்ல. 1982-இல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் குரூன்வால்டில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டிலேயே, எழுதப் படிக்கச் சொல்லித்தருவதுபோல ஊடகத்தைப் புரிந்துகொள்ளவும் பள்ளியில் சொல்லித்தர வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். அன்றைக்கு டிவிதான் பெரிய கவலை.

சரி, வெறுப்புப் பேச்சு என்றால் என்ன? கெட்ட வார்த்தை எல்லாம் வெறுப்புப் பேச்சு ஆகிவிடாது. கடுமையான விமர்சனமும் ஆகாது. ஐக்கிய நாடுகள் சபை 2019-இல் சொன்ன விளக்கத்தின் சாரம் இது: ஒருவரை அல்லது ஒரு கூட்டத்தை, அவர்களுடைய மதம், இனம், பிறப்பு, நிறம், பாலினம் போன்ற அடையாளத்தைக் காரணமாக வைத்துத் தாக்குவதோ இழிவுபடுத்துவதோ வெறுப்புப் பேச்சு. பிள்ளைகளிடம் இதை ஒரே கேள்வியாக்கிச் சொல்கிறேன். இந்தப் பேச்சு அவர் செய்ததைச் சொல்கிறதா, அவர் பிறந்ததைச் சொல்கிறதா? ‘பஞ்சாயத்துத் தலைவர் குடிதண்ணீர்க் கணக்கில் தப்புப் பண்ணிவிட்டார்’ என்பது செய்ததைப் பற்றிய பேச்சு. அது உண்மையா பொய்யா என்று விசாரிக்கலாம். ‘அவங்க ஆளுகளே இப்படித்தான்’ என்றால் விசாரிக்க ஒன்றுமில்லை, பிறப்பே குற்றமாகிவிட்டது.

அடுத்த படி இன்னும் மோசம். மனிதரைப் பூச்சி, பாம்பு, நோய் என்று சொல்லத் தொடங்குவது. 1994-இல் ருவாண்டாவில் ஒரு வானொலி நிலையம் துட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று திரும்பத் திரும்பச் சொன்னது. ஏறத்தாழ 100 நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். வானொலி மட்டுமே அதைச் செய்யவில்லை. ஆனால் பூச்சியை நசுக்குவதற்கு மனசு கூசாது என்பதை அந்த அறிவிப்பாளர்கள் அறிந்திருந்தார்கள். ஒரு மீமில் ஒரு கூட்டத்தை விலங்காக வரைந்திருந்தால், அதைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் இந்த வானொலி ஞாபகத்துக்கு வர வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘ரெண்டு பக்கமும் வெறுப்புத்தான், ரெண்டு பேரும் நிறுத்துங்க’ என்று முடித்துவிடுவது ஆசிரியருக்குச் சுலபம். அது நியாயம் கிடையாது. தனக்கு இழைக்கப்பட்ட அவமானத்தைக் கோபத்தோடு சொல்கிற குரலும், அந்த அவமானத்தைத் தொடரச் சொல்கிற குரலும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. தீண்டாமையைத் திட்டி ஒரு பிள்ளை கவிதை எழுதினால் அதில் சூடு இருக்கும். அந்தச் சூட்டை வெறுப்பு என்று பெயரிட்டு அடைத்துவிட்டால், நாம் சொல்லித்தருவது வாயை மூடிக்கொள்ளும் பாடமாகிவிடும்.

பிளவு என்பது இன்னொரு சங்கதி. ஊரில் கருத்து வேறுபாடு எப்போதும் உண்டு, இருக்கவும் வேண்டும். எந்த விஷயத்தை எடுத்தாலும் அதே இரண்டு கூட்டம் எதிரெதிரே நிற்பதும், எதிர்க்கூட்டத்தில் நல்லவர் ஒருவர் இருக்கலாம் என்பதே நம்ப முடியாமல் போவதும்தான் பிளவு. ‘ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்’ என்று ஒரு பழமொழி. கூத்துக் கலைஞரை இளக்காரமாகப் பேசுவதால் எனக்கு அது பிடிக்காது. ஆனால் அது கேட்க வைக்கும் கேள்வி சரியானது: ஊர் இரண்டுபட்டால் யாருக்கு லாபம்? நாம் ஒரு காணொளியைப் பார்க்கிற ஒவ்வொரு நிமிஷமும் யாரோ ஒருவருக்கு விளம்பரக் காசு. கோபப்படுகிறவர் சீக்கிரம் போனைக் கீழே வைப்பதில்லை.

அந்த வணிகம் நம் கைபேசிக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு தெருக்களைச் சேர்ந்த இரண்டு பேரின் வீட்டுப் போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே செயலியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒன்றில் வரும் ரீல்ஸ் மற்றொன்றில் வராது. ஒன்றில் ஒரு தலைவரின் பாட்டு, மற்றொன்றில் வேறு தலைவரின் பாட்டு. முன்பு எதை நிறுத்திப் பார்த்தோமோ அதைப் போன்றதையே அல்காரிதம், அதாவது யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணினி நிரல், மேலும் மேலும் எடுத்துப்போடும். ‘நாடே இதைத்தான் பேசுது’ என்று நாம் நினைப்பது நம் போன் பேசுவதை மட்டும் கேட்டுத்தான். இந்த ஒரு பயிற்சி பத்துப் பாடத்துக்குச் சமம். இரண்டு பிள்ளைகளும் ஒருவர் போனை ஒருவர் எட்டிப்பார்க்கும்போது முகத்தில் ஒரு திகைப்பு வரும், அதைப் பேச விட வேண்டும்.

பொய்ச் சேதியைப் பற்றி இப்போது. 2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றியது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடைசியில் அந்த இருவரே குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, அறிவிப்பு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு வயதான அம்மாவை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அடித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நம்பினார்கள். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் வந்த சேதியை ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேற்பட்ட ஆட்களுக்கோ குழுக்களுக்கோ அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறி வந்த சேதியின் மேல் இரட்டை அம்புக்குறி போடுவதும் அதற்கப்புறம் வந்ததுதான். அந்தக் குறியைப் பார்த்தால், அனுப்பியவருக்கே மூலம் தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

2023 மார்ச்சில் கதை திரும்பியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே காணொளிகள் பரவின. சம்பந்தமில்லாத காட்சிகளை ஒட்டிச் சொன்ன பொய் அது. பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. இதை நான் வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ‘நம்ம ஊரைப் பத்தி நாலு பேரு தெரியாமப் பேசினா எப்படி இருக்கு?’ என்று கேட்டால் பிள்ளைகளுக்குச் சுருக்கென்று தைக்கும். நாமும் யாருடைய ஊரைப் பற்றியாவது அப்படிப் பேசியிருக்கிறோமா என்ற அடுத்த கேள்வியை அப்போது கேட்கலாம்.

சோதிக்கும் வழிகள் கடினமானவை அல்ல. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சிலர் வரலாற்றுப் பேராசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், தகவல் சரிபார்ப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பாரையும் ஒரே இணையப் பக்கங்களைப் பார்க்கச் சொன்னார்கள். முதல் இரு தரப்பில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் உடனே வெளியேறி, இந்தப் பக்கத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், பொண்ணு பார்க்கப் போகிறவர் பொண்ணு வீட்டில் மட்டுமா விசாரிப்பார்? பக்கத்து வீட்டில், தெருமுக்குக் கடையில் விசாரிப்பாரல்லவா. அதேதான். படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் அது இதற்கு முன் எங்கே வந்தது என்பது பல நேரம் பிடிபடும். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகமும் யூடர்ன் என்ற சரிபார்ப்புத் தளமும் தமிழிலேயே விளக்கம் போடுகின்றன. செயற்கை நுண்ணறிவால் செய்த குரலும் முகமும் வந்தபிறகு கண்ணையும் காதையும் மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது, எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் இத்தனையும் கற்றுக்கொடுத்த பிறகும் நம் ஊர்ச் சிக்கலில் பாதிகூடத் தீராது என்பது என் அனுபவம். ஏனென்றால் இங்கே வெறுப்பு பெரும்பாலும் பொய்யாக வருவதில்லை. பெருமையாக வருகிறது.

ஒரு தலைவரின் பிறந்தநாள் வருகிறது. ஒரு பையன் அவர் படத்தை வைத்து, பின்னால் ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டு, ஸ்டேட்டஸ் போடுகிறான். இதில் பொய் எது? லென்ஸில் போட்டால் என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. படம் உண்மை, தேதி உண்மை. ஆனால் அந்தப் பாட்டின் எந்த இரண்டு வரியை வெட்டி எடுத்தான்? ‘ஆண்ட’ என்று ஒரு சொல் இருந்தால், ஆளப்பட்டவர் யார் என்று அது சொல்லாமல் சொல்கிறது. படத்துக்குக் கீழே ஓர் அரிவாள் ஓவியம் ஏன்? அடுத்த தெருப் பையனும் அதைப் பார்ப்பான் என்று தெரிந்துதானே போட்டது? அவன் பதிலுக்கு ஒன்று போடுவான். மறுநாள் பேருந்தில் பார்வை மோதும். சரிபார்ப்பு இந்த இடத்தில் உதவாது. இதற்கு வேறு வாசிப்பு வேண்டும்.

நான் கேட்கச் சொல்வது இதுதான். இந்த ஸ்டேட்டஸை, அந்தத் தெருவில் இருக்கும் உன் வகுப்புத்தோழன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, சத்தமாக வைத்து அவனுக்குக் காட்டுவாயா? காட்டலாம் என்றால் அது பெருமை. காட்டக் கூசினால், அது அவனை நோக்கி எறிந்தது. பெரும்பாலான பிள்ளைகள் பதில் சொல்லத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நான் அவசரப்படுத்துவதில்லை.

இன்னொரு பயிற்சி, நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு செய்வது. ஒரு திருட்டுச் செய்தி, ஒரு அடிதடிச் செய்தி, ஒரு காதல் திருமணச் செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் செய்தியில் ஆளின் பெயரோடு மதமோ ஊரோ சாதியோ ஒட்டிக்கொண்டு வருகிறது, எதில் வெறும் ‘வாலிபர்’ என்று நின்றுவிடுகிறது என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள். முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேலப்பாளையத்தின் பெயரை எந்த மாதிரிச் செய்தியில் தலைப்பிலேயே போடுகிறார்கள்? அங்கே ஒரு பிள்ளை நல்ல மார்க் எடுத்தால் எப்படிப் போடுகிறார்கள்? நாளிதழில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும், எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதாலேயே ஒரு தெருவைப் பற்றிய பயத்தை வளர்க்க முடியும். காதல் திருமணச் செய்தியில் பெண்ணின் விருப்பம் என்னவென்று ஒரு வரியாவது இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்வேன்.

தொடங்கும் வரிசை முக்கியம். எடுத்த எடுப்பில் சாதியைத் தொட்டால் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். குற்றாலத்தில் தொடங்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்தது, ஆட்கள் பதறி ஓடும் காட்சியைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தக் காட்சி முழுக்க உண்மை. அதையே இன்று ‘இப்போது குற்றாலத்தில்’ என்று எழுதி அனுப்பினால் பொய். உண்மையான படமும் பொய் சொல்லும் என்பது இதில் யாருக்கும் வலிக்காமல் புரியும். அடுத்து கராச்சி, பீகார். அதன் பிறகுதான் நம் பேருந்து, நம் கயிறு. சாதிப் பெயர் எதையும் நான் வாயால் சொல்வதில்லை, இந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. பெயரைச் சொன்ன கணமே வகுப்பு இரண்டாகி, யார் பக்கம் நான் பேசுகிறேன் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும்.

ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. வகுப்புக்குக் கொண்டுவரும் சேதி தன் பக்கத்துச் சேதியாக இருக்க வேண்டும். எதிராளியின் பொய்யைக் கண்டுபிடிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். நமக்குப் பிடித்த, நம் மாமா அனுப்பிய, படித்ததும் நெஞ்சு நிமிர்ந்த ஒன்றைச் சோதிப்பதுதான் கஷ்டம்.

செய்யக்கூடாத சிலவற்றைத் தவறு செய்துதான் கற்றேன். வெறுப்பு மீம் ஒன்றை ‘இது தப்பு’ என்று காட்டுவதற்காகத் திரையில் பெரிதாகப் போட்டேன். அதில் இழிவுபடுத்தப்பட்ட பக்கத்துப் பிள்ளை பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளை நான் இரண்டாவது முறை அவமானப்படுத்திவிட்டேன். அன்றிலிருந்து வாயால் விவரிப்பதோடு சரி. ‘எதையும் நம்பாதே’ என்றும் ஒரு காலத்தில் சொன்னேன். ‘அப்ப பேப்பர்ல வர்றதும் பொய்தானே சார், எல்லாரும் பொய்தானே’ என்று கேட்டான் ஒருவன். எல்லாம் பொய் என்று நினைக்கிறவர் கடைசியில் தன் கூட்டத்தார் சொல்வதைத்தான் நம்புவார். இப்போது எதை எந்தக் காரணத்தால் நம்பலாம் என்பதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாக. பேச்சுரிமையை அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு தருகிறது, நியாயமான வரம்பையும் அதுவே சொல்கிறது. மதம், சாதி, மொழி போன்றவற்றின் பேரில் பகை மூட்டுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் குற்றம். பட்டியல் சாதி, பழங்குடி மக்களை இழிவுபடுத்துவதற்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அருவாளோடு ரீல்ஸ் போட்டால் போலீஸ் வரும் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பயத்தை மட்டும் நம்பிப் பாடம் நடத்தக் கூடாது. தாக்கப்படும் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது: ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள், பதில் போடாதே, யாருக்கும் பரப்பாதே, நம்புகிற ஒரு பெரியவரிடம் காட்டு. சைபர் குற்றத்துக்கு 1930, குழந்தைகளுக்கு 1098.

பள்ளிக்கூடத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018-இல் மாவட்ட ஆட்சியர் முன்கை எடுத்து, ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியை அடையாளம் காணும் வகுப்புகளை நடத்தினார். படிப்புக்குப் பேர்போன பாளையங்கோட்டை இருக்கும் மாவட்டம் இது, நம்மால் முடியாதா? வாரம் ஒரு பீரியட், அதுவும் கிடைக்காவிட்டால் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம். நிலம் யாரிடம் இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை யாருக்கு அடைபடுகிறது என்பதையெல்லாம் இந்த வகுப்பு மாற்றிவிடாது. அதற்கான போராட்டம் தனியே நடந்தாக வேண்டும்.

போன மாதம் ஒரு பையன், தன் குடும்பக் குழுவில் மாமா அனுப்பிய குரல்பதிவு ஒன்றைக் கொண்டுவந்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் நம்ம ஆள் ஒருவரை அடித்துப் போட்டுவிட்டார்கள், எல்லாரும் கிளம்புங்க என்று ஒரு குரல். குழுவில் வைத்துக் கேட்டால் மாமாவுக்கு அவமானமாகிவிடும், தனியாகப் போன் போட்டுக் கேள் என்றேன். என்ன கேட்க வேண்டும் என்று வகுப்பே சேர்ந்து எழுதிக்கொடுத்தது: ‘மாமா, அடிபட்டது யாரு? எந்த ஆஸ்பத்திரியில இருக்காவ? உங்களுக்கு இது யாரு அனுப்புனாவ?’

மறுவாரம் வந்து சொன்னான். முதல் இரண்டு கேள்விக்கும் மாமாவிடம் பதில் இல்லையாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘எனக்கும் ஒருத்தன் அனுப்புனாம்ல’ என்றாராம்.

‘அந்த ஒருத்தர் யாரு?’ என்று கேட்டாள் முன்வரிசைப் பெண்.

‘கேட்டிருக்கேன், டீ குடிக்க வரும்போது விசாரிச்சுச் சொல்லுதேன்னாவ.’